களிமண்ணும் புல்தரையும்

மட்டாஞ்சேரியில் காயலை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தை ஆனி மாதத்தில் ஒருமுறையும் மாசி மாதத்தில் ஒருமுறையும் காண்பவர், இரண்டும் ஒரே முற்றந்தானா என்று ஐயுறுவார். ஆனியில் கால் வைத்த இடமெல்லாம் புதையும் சேறு. மாசியில் விரல் நுழையும் அகலத்துக்கு வெடித்துக் கிடக்கும் கட்டாந்தரை. மழையில் வழுக்கி விழுகிறோம். கோடையில் புழுதி வீட்டுக்குள் நுழைகிறது. இவ்விரு தொல்லைக்கும் காரணம் ஒன்றே. அது நம் காலடியில் உள்ள களிமண்.

இத்தகைய முற்றம் வாய்த்தவர்கள் இந்நாளில் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சிமெண்டுக் கற்களை நெருக்கிப் பதித்து முற்றத்தை மூடிவிடுகிறார்கள். எங்கள் தெருவில் சில குடும்பங்களுக்குப் பொதுவாக ஆயிரம் சதுர அடி அளவில் ஒரு முற்றம் உண்டு. மாலையில் குழந்தைகள் ஓடியாடுவதும், காலையில் பெரியவர்கள் வெயில் காய்வதும் அங்கேதான். அதற்கும் கல் பதித்துவிடலாம் என்று ஒரு முறை பேச்சு எழுந்தது. அப்போது நாங்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வது இங்கே அரிதன்று. அவ்வளவு மழை ஆயிரம் சதுர அடியில் விழுந்தால் அது ஏறத்தாழ 9,300 லிட்டர் நீர். முற்றத்தை மூடிவிட்டால் அந்நீரில் பெரும் பகுதி உடனே சந்துக்கு ஓடும். சந்தின் கோடியில், எல்லாருக்கும் தாழ்வான இடத்தில், ஒரு முதியவளின் வீடு இருக்கிறது. எங்கள் வசதிக்காக அவள் வாசலில் வெள்ளத்தை ஏற்றுவது முறையாகுமா? இந்த ஒரு கேள்வியே எங்களைக் கல்லை விட்டுப் புல்லை நாடச் செய்தது. அம்முயற்சியில் செய்த பிழைகளும் கற்ற பாடங்களும் பிறருக்கும் பயன்படக்கூடும் என்று கருதியே இதைப் பேசுகிறோம்.

முதலில் நம் மண்ணை அறிந்துகொள்வோம். கொச்சியின் மேற்குக் கரையில் கடலோரமாக மணல் மேடுகள் உள்ளன. மேடுகளுக்கு இடையேயும் காயலின் ஓரங்களிலும் கருமை படர்ந்த கனத்த களி படிந்திருக்கிறது. பெரியாறும் மற்ற ஆறுகளும் மலையிலிருந்து கொணர்ந்த நுண்துகள்கள் உப்பு நீரைச் சந்தித்ததும் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் தங்குகின்றன. அவ்வாறு காலங்காலமாகத் தங்கியதே இந்தக் களி. மனிதர் கையாலும் அது இடம் பெயர்ந்ததுண்டு. 1920-ஆம் ஆண்டு கொச்சிக்கு வந்த சர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை அமைத்தபோது, காயலின் அடியிலிருந்து வாரிய மண்ணைக் கொட்டியே வில்லிங்டன் தீவு உருவாக்கப்பட்டது. 1928 மே 26-ஆம் நாள் 'பத்மா' என்ற கப்பல் புதிய வாய்க்கால் வழியாக உள்ளே நுழைந்தது. காயலில் வாரியதைக் கரையில் கொட்டி வீட்டுமனை ஆக்கும் வழக்கம் சிறிய அளவில் பல இடங்களிலும் இருந்துவந்திருக்கிறது.

களிமண்ணை ஏன் 'கனத்த மண்' என்கிறோம்? எடையினால் அன்று, அதைக் கொத்துவது கடினம் என்பதால்தான். ஒரு மணற்பரல் குறைந்தது 0.05 மில்லிமீட்டர் பருமன் உடையது. களித்துகளோ 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. மணலிடையே நீரும் காற்றும் எளிதாகச் செல்லும். களித்துகள்கள் தட்டையானவை, ஈரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வழியை அடைத்துவிடும். புல்லின் வேர் உண்பதற்குச் சத்து மட்டும் போதாது. மூச்சு விடுவதற்குக் காற்றும் வேண்டும். களிமண்ணில் சத்துக்குக் குறைவில்லை. மணல் பற்றி வைக்க இயலாத ஊட்டங்களை அது பற்றி வைத்துக்கொள்ளும். அதற்கு இல்லாதது காற்றுதான். ஆகவே களியைத் திருத்துவது என்றால் அதில் காற்றுக்கு வழி செய்வது என்றே பொருள்.

இங்கே எங்கள் முதற்பிழையைச் சொல்லிவிட வேண்டும். களி இறுகியது, மணல் தளர்ந்தது. ஆதலால் இரண்டையும் கலந்தால் நடுத்தரமான மண் கிடைக்கும் என்று நினைத்தோம். சில வண்டி மணலை வாங்கிக் கொட்டிக் கொத்தினோம். அடுத்த கோடையில் முற்றம் முன்னிலும் கெட்டியாகிவிட்டது. பிறகு யோசித்தபோதுதான் செங்கல் அறுப்பவர்களும் களியோடு மணல் சேர்த்துத்தான் பிசைகிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. சிறிதளவு மணல் களியில் விழுந்தால் பரல்களின் இடைவெளியைக் களி நிரப்பிக்கொள்ளும். மண் உண்மையிலேயே மணற்பாங்காக மாற வேண்டுமானால் பத்துப் பங்கில் ஏழு பங்குக்கு மேல் மணல் வேண்டும். அது களியைத் திருத்துவது ஆகாது. களியை எடுத்தெறிந்து மணலை நிரப்புவதே ஆகும். அன்றியும் ஆற்று மணல் வாருவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2001-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நம் முற்றத்துக்காக ஓர் ஆற்றின் படுகையைக் குழியாக்குவதில் நியாயம் இல்லை.

மணல் தோற்றபின், மண்ணையே கேட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் மழைநீரை எடுத்துக்கொள்க. நன்கு உலர்ந்த மண்ணிலிருந்து பட்டாணி அளவில் ஒரு கட்டியை எடுத்து, அசைக்காமல் நீரில் இடுக. சில மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கட்டி அப்படியே இருந்தாலும், சிறு சிறு பொடியாகச் சரிந்து நீர் மட்டும் தெளிவாக இருந்தாலும், அந்த மண் பெரிதும் கெட்டுவிடவில்லை. மட்கு எரு சேர்த்தாலே திருந்திவிடும். கட்டியைச் சுற்றிப் பால் கரைந்தது போல ஒரு கலங்கல் படர்ந்தால் செய்தி வேறு. களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நீரில் மிதக்கின்றன என்பது அதன் பொருள். அத்தகைய மண்ணில் மழை பெய்ததும் அத்துகள்கள் நுண்துளைகளை அடைத்து மேலே ஏடு கட்டிவிடும். இச்சோதனையை எமர்சன் என்பவர் ஆஸ்திரேலியாவில் 1967-ஆம் ஆண்டு முறைப்படுத்தி வெளியிட்டார்.

கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் சோடியம். அதாவது கடல் உப்பில் உள்ள ஒரு பகுதி. கொச்சிக் காயலில் ஓதம் ஏறும்போது உவர்நீர் தாழ்வான மனைகளுக்குள்ளும் கசிகிறது. இதில் ஒரு விந்தை உண்டு. மண்ணில் உப்பு மிகுந்திருக்கும்வரை களித்துகள்கள் ஒட்டியே இருக்கும். மழைநீர் உப்பைக் கழுவிச் சென்றபின், துகள்களின்மேல் ஒட்டிய சோடியம் மட்டும் மிஞ்சும். அப்போதுதான் அவை பிரிந்து கலங்குகின்றன. ஆகவே உப்பைக் கழுவினால் மட்டும் போதாது. கழுவுவதற்கு முன்பே சோடியத்தின் இடத்தில் அமரக்கூடிய வேறொன்றைக் கொடுத்துவிட வேண்டும். அது கால்சியம் என்னும் சுண்ணச்சத்து. ஜிப்சம் என்ற உப்பில் அது எளிதில் கரையும் நிலையில் இருக்கிறது. நூறு சதுர அடிக்கு 5 கிலோ அளவில் மழைக்கு முன்னர்த் தூவிக் கொத்திவிட்டால், மழையே அதைக் கரைத்து உள்ளே கொண்டுசெல்லும். குவளையில் கலங்கல் தோன்றாத மண்ணுக்கு ஜிப்சம் இடுவது வீண் செலவு.

கொச்சியின் கருங்களிக்கு இன்னொரு குணமும் உண்டு. காயலிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ புதிதாக வாரிய சேற்றில் கெட்ட முட்டையின் நாற்றம் வீசுமாயின், அதில் கந்தகம் அடங்கியிருக்கிறது. நீரில் மூழ்கி இருக்கும்வரை தீங்கில்லை. கரையில் போட்டு உலர்த்தினால், காற்றுப் பட்டுக் கந்தகம் அமிலமாக மாறும். அச்சேற்றைச் சத்துள்ள வண்டல் என்று எண்ணிப் புல்தரையின்மேல் பரப்பியவர்கள், அடுத்த பருவத்தில் புல் பொசுங்கி நிற்பதைக் கண்டு திகைப்பதுண்டு. அமிலத்துக்கு மருந்து சுண்ணாம்பு. வேம்பநாட்டுக் காயலில் எடுக்கும் கக்கைச் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இப்பகுதியில் நெடுங்காலமாகக் கிடைத்துவருகிறது. ஆயினும் அமிலம் எவ்வளவு என்று அறியாமல் சுண்ணாம்பு இடலாகாது. கைப்பிடி மண்ணைப் பல இடங்களில் எடுத்துக் கலந்து, அருகிலுள்ள கிருஷி பவன் வாயிலாகச் சோதனைக்கு அனுப்பினால் அளவு தெரிந்துவிடும்.

இனி, இத்தகைய மண்ணில் எப்போது, எவ்வாறு வேலை தொடங்குவது? இதற்கு நாம் வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பள்ளுருத்திக்கும் கும்பளங்கிக்கும் செல்லானத்துக்கும் போனாலே போதும். அங்கே பொக்காளி என்னும் நெல் விளைகிறது. கோடையில் உவர்நீர் நிற்கும் வயலில், மழைக்காலத்தில் உரமோ மருந்தோ இடாமல் நெல் விளைவிக்கும் முறை அது. 2008-ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உப்பைத் தாங்கும் மரபுக்கூறு ஒன்றைப் பொக்காளியிலிருந்து அறிவியலார் இனங்கண்டு, வேறு நெல் வகைகளிலும் புகுத்தி வருகிறார்கள்.

பொக்காளி உழவர் செய்வது இதுதான். சித்திரையில் வயலின் நீரை வடித்து, களியைக் கொத்திச் சிறு சிறு கூம்புகளாகக் குவிக்கிறார். ஒவ்வொன்றும் அடியில் ஒரு மீட்டர் அகலமும் அரை மீட்டர் உயரமும் இருக்கும். கோடை வெயிலில் கூம்புகள் உலர்ந்து வெடிக்கின்றன. இடவப்பாதி மழை தொடங்கியதும் நீர் அவ்வெடிப்புகள் வழியே இறங்கி உப்பைக் கழுவித் தாழ்வில் சேர்க்கிறது. உப்பு நீங்கிய உச்சியில் விதை முளைக்கிறது. நாற்று வளர்ந்ததும் கூம்பைக் கலைத்து வயலெங்கும் பரப்புகிறார். களி கெட்ட மண் என்று அவர் வருந்தவில்லை. உயர்த்து, உலர்த்து, கழுவ விடு என்னும் மூன்று செயலால் அதை வழிக்குக் கொண்டுவருகிறார். உழவு அதிகாரத்தில் வள்ளுவரும் புழுதியை நன்கு உலரவிடுவதை எருவினும் மேலாகப் பாராட்டுகிறார் அன்றோ?

இதே முறையை முற்றத்துக்கு ஏற்றபடி கையாண்டோம். சித்திரையில், மண் பிசுபிசுக்காமலும் கல்லாகாமலும் இருக்கும் பதத்தில் வேலையைத் தொடங்கினோம். பதம் பார்ப்பது எளிது. மண்ணை உருட்டி விரலால் அழுத்தினால் உதிர வேண்டும்; புழுப்போலத் திரிந்தால் காத்திருக்க வேண்டும். ஈரக்களியை ஒருமுறை மிதித்துக் கொத்தினால் அதன் கேட்டைத் தீர்க்கப் பல மாதம் ஆகும். ஓர் அடி ஆழம் கொத்திய மண்ணை நீண்ட வரப்புகளாகக் குவித்து ஜிப்சம் தூவினோம். வரப்புகளின் இடையே ஓடும் பள்ளங்களை ஒரு மூலையிலுள்ள குழிக்கு இணைத்தோம். அக்குழியில் உடைந்த ஓடும் செங்கல் துண்டும் நிரப்பி, நிரம்பி வழியும் நீர் மட்டும் மெல்ல வடிகாலுக்குச் செல்லும்படி அமைத்தோம். பிறகு ஆனியும் ஆடியும் மழை தன் வேலையைச் செய்தது. அந்த இரு மாதமும் முற்றத்தில் யாரும் கால் வைக்கவில்லை. குழந்தைகளுக்கு அது பெரிய தண்டனை; அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

ஆவணியில் மழை சற்று ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் வரப்புகளைக் கலைத்தோம். அப்போது சேர்த்ததுதான் மட்கு எரு. இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, அதை ஆறு அங்குல ஆழத்துக்குக் கலக்க வேண்டும். நூறு சதுர அடிக்கு இது சுமார் 17 கன அடி ஆகும். மிகையாகத் தோன்றலாம், குறைத்தால் பயனில்லை. மட்கை மண்ணுயிர்கள் உண்டு செரிக்கும்போது சுரக்கும் பசையே களித்துகள்களைச் சிறு சிறு பொரியுருண்டை போல ஒட்டவைக்கிறது. உருண்டைகளுக்கு இடையே காற்று நுழைகிறது. நாம் மணலால் செய்ய முயன்று தோற்றதை மட்கு செய்துமுடிக்கிறது.

மட்குக்கு மலையாள நாட்டில் பஞ்சமில்லை. தென்னை நார்த்தூள் குவியல் குவியலாகக் கிடைக்கிறது. ஆயினும் பச்சையாக இடலாகாது. அதில் கரிமம், தழைச்சத்தைப்போல நூறு மடங்குக்கு மேல் உள்ளது. அப்படியே இட்டால் மட்குவதற்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே உறிஞ்சிப் புல்லைப் பட்டினி போட்டுவிடும். சிப்பிக் காளான் வித்தும் சிறிது யூரியாவும் சேர்த்து அடுக்கி ஈரமாக வைத்திருந்தால், சில வாரங்களில் மட்கிக் கருநிறம் அடையும். உவர்க் காயலில் ஊறிய மட்டையின் தூளாயின், நல்ல நீரில் அலசியபின்னரே மட்கவைக்க வேண்டும். இல்லையேல் கழுவி அனுப்பிய உப்பை நாமே திரும்ப அழைத்ததாகும். வாய்க்கால்களை அடைக்கும் ஆகாயத்தாமரையும் நல்ல மட்காகும். ஆனால் அது நீரிலுள்ள நச்சு உலோகங்களையும் உறிஞ்சும் தன்மையது. ஆலைக்கழிவு கலக்கும் வாய்க்காலில் வளர்ந்ததைத் தள்ளிவிடுக.

தரையைச் சமன் செய்யும்போது தட்டுப்போல மட்டமாக்குவது தவறு. நூறு அடிக்கு ஓர் அடியேனும் சரிவு வேண்டும். இருபது அடி நீளமுள்ள முற்றத்தில் அது இரண்டரை அங்குலம். கண்ணுக்குத் தெரியாத இச்சரிவே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெறும் கொச்சியில் புல்லின் உயிரைக் காக்கிறது.

எந்தப் புல் நடுவது? நல்ல வெயில் படும் இடத்துக்கு நம் அருகே சிறந்தது. வறட்சியையும் ஓரளவு உவரையும் அது தாங்கும், நிழலைத் தாங்காது. தென்னை நிழலிலும் மாநிழலிலும் அகன்ற இலையுடைய எருமைப்புல் நன்கு படரும். அமிலமண் அதற்குத் தடையில்லை. ஆனால் உப்பு அதற்குப் பகை. ஓதநீர் எட்டிப்பார்க்கும் ஓரங்களுக்குக் கடற்கரை பாஸ்பலம் என்னும் புல் பொருந்தும். கணுவுள்ள துண்டுகளை நான்கு அங்குல இடைவெளியில் நட்டு, கையால் அழுத்தி, வேர் பிடிக்கும்வரை காலையில் நீர் தெளித்தால் போதும். பின்னர்த் தினமும் சிறிது நீர் விடுவதைக் காட்டிலும், சில நாட்களுக்கு ஒருமுறை ஆழ நனைப்பது மேல். நீரைத் தேடி வேரும் ஆழச் செல்லும்.

புல்லை வெட்டுவதிலும் அளவு வேண்டும். ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. ஒட்ட வெட்டிய புல்லின் வேரும் குறுகிவிடும். தரையில் வெயில் பட்டுக் களி மீண்டும் வெடிக்கும். வெட்டிய துணுக்குகளை அங்கேயே விட்டுவிடுக. அவை மண்புழுவுக்கு உணவு. மண்புழு இவ்வேலையில் நமக்குப் பெருந்துணை. டார்வின் தம் இறுதி நூலை 1881-ஆம் ஆண்டு மண்புழுவைப் பற்றியே எழுதினார்; இங்கிலாந்தில் பல இடங்களில் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே செல்வதாக அவர் கணக்கிட்டார். சம்பளம் கேளாத இந்த உழவர் வந்துசேர்ந்தபின், நம் வேலை பாதியாகக் குறைகிறது. நடமாட்டத்தால் இறுகும் இடங்களில் மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை கடப்பாரையால் நான்கு அங்குல ஆழத்தில் நெருக்கமாகத் துளையிட்டு மட்குத்தூள் நிரப்பினால் போதும்.

இம்முறையின் எல்லையையும் சொல்லிவிடுவது கடமை. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் ஓதநீர் தவறாமல் ஏறி நிற்கும் மனையில் எந்தப் புல்தரையும் நிலைக்காது. அங்கே கண்டல் மரமே உரிய பயிர். நல்ல புல்தரையும் அடைமழையின் நீர் முழுவதையும் குடித்துவிடாது. ஆடி மாதத்தில் களி ஏற்கெனவே நிறைந்திருக்கும். ஆயினும் புல் நீரைத் தடுத்துத் தயங்கித் தயங்கி அனுப்புகிறது. பாய்ந்து வரும் வெள்ளத்துக்கும் கசிந்து வரும் நீருக்கும் உள்ள வேறுபாட்டைத் தாழ்வான வீட்டில் குடியிருப்பவரே நன்கு அறிவர்.

ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் தமிழ்ச் சலவைத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்து வெயிலில் உலர்த்தி வருகிறார்கள். அப்பகுதியின் பெயரே திறந்த வெளியைக் குறிப்பது. நெருக்கமான ஊருக்குள் ஒரு துண்டுத் திறந்த மண் எத்தனை பேருக்குப் பயன்படும் என்பதற்கு அக்களமே சான்று. அத்தகைய இடங்கள் ஒவ்வொன்றாகச் சிமெண்டின் அடியில் மறைந்துவருகின்றன.

எங்கள் முற்றத்தில் இப்போது இரண்டு மழைக்காலம் கழிந்திருக்கிறது. மூலைக் குழியருகே பெருமழைக்குப் பின் ஒரு மணி நேரம் நீர் நிற்கத்தான் செய்கிறது. நடுவே குழந்தைகள் பந்தடித்துத் தேய்த்த இடத்தில் புல் கலைந்திருக்கிறது. ஒவ்வோர் ஆவணியிலும் அங்கே புதிதாக நடுகிறோம். மாசியில் வெடிப்பு இல்லை. சென்ற ஆனியில் அடைமழை பெய்த ஓர் இரவு விடிந்ததும், சந்தின் கோடிவரை நடந்து சென்று பார்த்தோம். அம்மூதாட்டியின் வாசற்படியின் கீழேயே நீர் நின்றுவிட்டிருந்தது. படியில் அமர்ந்து அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.